கறுப்பு ஆஸ்டினின் வலது கதவு

பொன்னுலிங்கத்தைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. அவன் கதையைச் சொல்ல உட்கார்ந்த பிறகு இதை ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நாகர்கோவிலில் சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பாதிப் பேர் அவனைப் புகழ்கிறார்கள், பாதிப் பேர் என்னைப் புகழ்கிறார்கள். என்னைப் புகழ்கிறவர்கள் எதைப் பார்த்துப் புகழ்கிறார்கள் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். போன ஆவணியில் அவன் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போன பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை.

மயிலாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. சுற்றுவட்டாரமே கல் கொத்திக்கொண்டிருக்க, அவன் அப்பா மாத்திரம் வில்வண்டிகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்தார். பொன்னுலிங்கமும் பதினைந்து வயசில் பிரஷ்ஷைப் பிடித்து, சக்கரத்து ஆரக்கால்களுக்கு மஞ்சளும் சிவப்பும் அடித்தவன். அவன் படித்த படிப்பு அவ்வளவுதான். 1949இல் கோட்டாறு ரோட்டில் முத்துநாயகம் முதலாளியின் கார் பட்டறை வாசலில் வந்து நின்றபோது அவனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடுகிற வெள்ளை நாமம், கையில் ஒரு தகரப்பெட்டி. பெயிண்டை விசிறி அடிக்கிற துப்பாக்கியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. பெயர் நேசையன். சண்டைக் காலத்தில் மூன்று வருஷம் பட்டாளத்து லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவன். என் கை பட்ட லாரிகள் பர்மா வரைக்கும் போயிருக்கின்றன என்று முதலாளியிடம் சொல்லித்தான் வேலையில் சேர்ந்தேன். பட்டாளத்து லாரி பளபளத்தால் மேலே பறக்கிற எதிரி பார்த்துவிடுவான், அதனால் மங்கலாகத்தான் அடிக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

கார் பெயிண்ட் என்பது பொறுமைக்காரன் வேலை. தகரத்தில் உள்ள பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, மேலே பல தடவை பெயிண்டை விசிறி, காய்ந்தபின் மறுபடியும் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். பட்டியைச் சமமாகத் தேய்க்காவிட்டால், எத்தனை பெயிண்ட் அடித்தாலும் அந்த இடம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். குற்றம் கண்டுபிடிக்க எங்களிடம் அப்போது இருந்த ஒரே விளக்கு காலை ஏழரை மணி வெயில். காரை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்திச் சுற்றிச்சுற்றிப் பார்ப்போம்.

பொன்னுலிங்கம் வந்த ஆறாவது மாசம் அந்த வெயிலில் ஒரு சாக்கட்டியோடு இறங்கினான். நான் அடித்து முடித்த காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, ஒரு சின்ன வட்டம் போட்டான். இன்னொன்று போட்டான். நான் போய் அந்த வட்டத்துக்குள் கையை வைத்துத் தடவினால் பள்ளம் இருந்தது. ஒரு தடவையாவது இல்லாமல் இருக்கக்கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் தடவினேன். ஒவ்வொரு தடவையும் இருந்தது. அந்தச் சாக்கட்டி வட்டங்களை நான் வெறுத்த மாதிரி என் ஆயுசில் வேறு எதையும் வெறுத்ததில்லை.

1953 ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாமல் குற்றம் பார்க்க வழியில்லை, ஈரக்காற்றில் அடித்த பெயிண்டும் வெள்ளையாகப் பூத்துப்போனது. முதலாளி பெயிண்ட் வேலைக்கென்றே பட்டறைக்குப் பின்னால் நாலு பக்கமும் அடைத்து ஓடு போட்ட ஷெட் ஒன்று கட்டினார். ஷெட்டுக்கு ஒரு மேஸ்திரி வேண்டுமல்லவா? எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஷெட்டு ஆயாச்சு. உள்ள என்ன வெளக்கு வேணும்னு ரெண்டு பேரும் சொல்லுங்க. டாக்டர் செல்வதாஸுக்க கறுப்பு ஆஸ்டின் வந்திருக்கு, கிறிஸ்மஸுக்கு முன்ன குடுக்கணும். ஆளுக்கு ஒரு பக்கமா அடியுங்க. டாக்டரு எந்தப் பக்கத்தப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லுகாரோ, அந்தப் பக்கக்காரன் ஷெட்டுக்கு மேஸ்திரி."

அவனுக்கு மூன்று வருஷம் முன்னால் வந்தவன் நான். மேஸ்திரி வேலை எனக்குத்தான் என்று என் மனைவி ராஜபாயிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். அவள் அதை என்ன செய்தாள் என்று அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

"இஞ்ச பாருங்க, சபையில எல்லாருட்டயும் நான் சொல்லியாச்சு, கிறிஸ்மஸுக்கு நீங்க மேஸ்திரின்னு. எனக்க மானத்த வாங்கிப்போடாதீங்க."

முதலில் நான் கேட்டது பெட்ரோமாக்ஸ். "தின்னர் வாடை அடிக்கிற எடத்துல தீயக் கொண்டு வைக்கணுமா ஓய், ஷெட்டக் கொளுத்தவா கெட்டினேன்" என்று முதலாளி கத்திவிட்டார். அதற்கப்புறம் யோசித்து, இருநூறு வாட் பல்பு நாலு கேட்டேன். நாலையும் கூரையிலிருந்து தொங்கவிட்டால் உள்ளே வெயில் அடித்த மாதிரி இருக்கும் என்றேன். முதலாளிக்குப் பிடித்திருந்தது.

பொன்னுலிங்கம் கேட்டதைக் கேட்டு வயரிங் வேலைக்கு வந்தவன்கூடச் சிரித்தான்.

"ஒரு குழல் வெளக்கு போதும் மொதலாளி. நீள வயரு வேணும். மரத்துல ஒரு ஸ்டாண்டு செஞ்சு அதுல நட்டமா நிறுத்துகேன். பொறவு, கையில பிடிக்க ஒரு சின்ன குண்டு பல்பு."

"இம்புட்டு பெரிய ஷெட்டுக்கு ஒரு வெளக்கா?"

"நெளிவு பாக்க குழல் வெளக்கு, கீறல் பாக்க குண்டு பல்பு. வெளிச்சம் கூடிச்சுன்னா குத்தம் ஒளிஞ்சுக்கிடும் மொதலாளி."

முதலாளி இரண்டையுமே திருவனந்தபுரத்திலிருந்து வாங்கி வரச் செய்தார். காரை நடுவில் நிறுத்தினோம். டாக்டர் தன் காரைத் தானே ஓட்டுகிறவர், ஏறி இறங்குவது வலது பக்கம். அதனால் வலது பக்கத்தை நான் முந்திப் பிடித்துக்கொண்டேன். என் பக்கத்துக்கு மேலே நாலு பல்பு. அவன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மர ஸ்டாண்டும் அதில் ஒற்றைக் குழல் விளக்கும். கறுப்புப் பெயிண்ட் ஒரு குற்றத்தையும் மன்னிக்காது என்று எங்களுக்குள் பேச்சு. பட்டறையே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாளே அவன் என்னிடம் வந்தான். "அண்ணே, சாப்பிடப் போவும்போ பல்ப அணைச்சுட்டுப் போறியளா? எனக்க வெளக்கு தெரிய மாட்டேங்கு."

"பாப்போம்" என்றேன். அன்றிலிருந்து சாப்பிடப் போகும்போது நாலு பல்பும் எரிகிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போனேன். அவன் ஒரு கித்தானைக் குறுக்கே கட்டி என் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வேலை செய்தான். சண்டைக்கு வந்தாலாவது எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

ஒரு நாள் கித்தானுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கதவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தான், கையில் சாக்கட்டி. விளக்கு அவனுக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்றது.

"என்னவே பாக்க?"

"வெளக்கப் பாக்கேன் அண்ணே."

விளக்கு முதுகுப் பக்கம் இருக்க, இவன் கதவைப் பார்த்துக்கொண்டு விளக்கைப் பார்க்கிறேன் என்கிறான். என்னைக் கேலி செய்கிறான் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இத எங்கவே படிச்ச?"

"எங்க ஊரு தாங்கல்ல பாத்ததுதான்" என்றான், வெகு சாதாரணமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை ராஜபாயிடம் இன்றுவரை சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிறேன் என்று பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, மயிலாடி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவன் ஊரில் இறங்கி, அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற தாங்கலுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் நின்றேன். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே சிலை எதுவும் இல்லை. பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று, அதன் இரண்டு பக்கமும் விளக்கு, அவ்வளவுதான். போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தங்களைத் தாங்களே பார்த்துக் கும்பிட்டார்கள். பொன்னுலிங்கமும் நின்றான். நான் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன். இரகசியம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வடசேரியில் மூடிப்போன ஒரு சவரக்கடையின் நிலைக்கண்ணாடியை வாங்கி, தலையில் சுமந்துகொண்டு வந்து, என் பல்புகளுக்குப் பின்னால் சுவரில் மாட்டினேன். நாலு பல்பு எட்டானது.

முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பெயிண்டு வேலய விட்டுப்போட்டு செரைக்கப் போறீரா ஓய்?" என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது. பொன்னுலிங்கம் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் சிரித்திருக்கலாம்.

யார் சிரித்தால் எனக்கென்ன? அந்த வெளிச்சத்தில் என் பக்கம் கண் கூசும்படி மின்னியது. எங்கே பார்த்தாலும் பளபளப்பு, குற்றம் என்று பேருக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கண்ணில் படாததால் இல்லை என்றே முடிவு செய்தேன். கார்த்திகை கடைசியில் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு, இரணியலில் என் கொழுந்தியாள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டேன். டாக்டர் வருவதற்கு நாலு நாள் இருந்தது. பொன்னுலிங்கம் அப்போதும் இடது பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அங்கங்கே வட்டம் போட்டுத் தன் வேலையைத் தானே அழித்துத் திரும்ப அடிக்கிறவனைப் பார்த்து எனக்கு முதல்தடவையாகப் பரிதாபம் வந்தது. இரணியலில் மூன்று நாளும் நல்ல வெயில். கல்யாண வீட்டில் என்னை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள், நானும் மறுக்கவில்லை.

நாலாம் நாள் காலை டாக்டர் செல்வதாஸ் வந்தார். காரை முற்றத்துக்குத் தள்ளி வெயிலில் நிறுத்தினோம். டாக்டர் இடது பக்கமாக ஒரு நடை நடந்து தலையை ஆட்டினார். பிறகு வலது பக்கம் வந்தவர், முன்கதவைத் திறக்கக் கையை நீட்டி, நீட்டியபடியே நின்றுவிட்டார். குனிந்து கதவுக்குள் தன் முகத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார்.

"முத்துநாயகம், இந்தக் கதவப் பாத்தே ஷேவ் பண்ணிக்கிடலாம் போலிருக்கே. இது யாருக்க வேல?"

"நேசையன்" என்றார் முதலாளி.

டாக்டர் என் தோளைத் தட்டினார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஷெட் எனக்குக் கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. டாக்டர் கண்ட அழகை நானும் பார்க்கவேண்டும் என்று காரின் பக்கத்தில் போய் நின்றேன்.

முற்றத்தில் ஒரு தென்னைமரம் நிற்கிறது. என் பின்கதவில் அந்த மரம் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து தெரிந்தது. முன்கதவில் அதே மரம் நேராக நின்றது, ஓலை ஓலையாக எண்ணலாம். ஒரே ஆள் செய்த இரண்டு கதவுகள் அப்படி இருக்க முடியாது. நான் குனிந்தேன். முன்கதவின் அடிப்பக்கம் ஒரு வெள்ளிக் கம்பி ஓடும். அந்தக் கம்பிக்குக் கீழே, நாலு விரல் அகலத்து இடத்தில், பாதி அழிந்த ஒரு சாக்கட்டி வட்டம் இருந்தது.

முதலாளி டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பெருவிரலால் அந்த வட்டத்தைத் துடைத்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, துடைத்தேன்.

கார் போனபிறகு கிணற்றடியில் அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். போய் நின்றேன்.

"எதுக்குவே எனக்க கதவத் தொட்ட?"

"நெளிவு கெடந்துது அண்ணே. மூணு நாளு வெயிலும் அடிச்சுது. ஒரு கதவு செய்யத்தான் நேரம் கெடச்சுது, மத்ததத் தொட முடியல்ல."

"நான் இல்லாத நேரம் பாத்தா செய்யுகது?"

"நீங்க இருந்தா பல்ப அணைக்க மாட்டியளே."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மொதலாளிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. கெட்ட எண்ணத்தோடு கேட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது செய்திருப்பேன். டாக்டருடைய கார் நெளிவோடு போகக்கூடாது என்பதைத் தவிர அந்த மண்டைக்குள் வேறு ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்கு ராஜபாய் முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து தெரு முழுக்கக் கொடுத்தாள். "கூட வேல செய்யுக பொன்னுலிங்கத்துக்கும் குடுங்க" என்று ஒரு பொதி தனியாகக் கட்டித் தந்தாள். பட்டறைக்குப் போகிற வழியில் மூலையில் நின்று எட்டு முந்திரிக்கொத்தையும் நானே தின்றுவிட்டேன்.

மூன்று வருஷம் அவன் என் கீழே வேலை செய்தான். என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டான், ஒரு நாளும் அதில் ஒரு சிரிப்பு இல்லை. நான் பல்புகளைக் கழற்றிவிட்டேன். கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுபோனேன், ராஜபாய் அதில் தலை வாருகிறாள். குழல் விளக்கின் வேலையை அவனிடம் கேட்டுப் படிக்க எனக்கு வாய் வரவில்லை, அவனுக்குப் பின்னால் நின்று நின்று கண்ணாலேயே படித்தேன். பெயிண்டைப் பார்க்கக்கூடாது. அதைக் கண்ணாடியாக நினைத்து, உள்ளே தெரிகிற விளக்கைப் பார்க்கவேண்டும். விளக்கு நேர்கோடாகத் தெரிந்தால் தகரம் நேர். கோடு வளைந்தால் அந்த இடத்தில் குற்றம். புளியமரத்தடியில் நின்று நான் பார்த்தது அதுதான், எனக்குத்தான் புரியவில்லை. கோயம்புத்தூருக்குப் போகும்போது அவன் ஸ்டாண்டையும் விளக்கையும் ஷெட்டிலேயே விட்டுப்போனான், ஒரு டப்பாவில் பாதி தேய்ந்த சாக்கட்டிகளும் இருந்தன.

டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை காரை மெருகுக்கு விடுவார். விடும்போதெல்லாம் யாரையாவது கூட்டிவந்து, "நேசையன் செஞ்ச கதவு" என்று அந்த வலது முன்கதவைக் காட்டுவார். அவர் போனதும் நான் ஷெட் கதவைச் சாத்திவிட்டு, பொன்னுலிங்கத்தின் விளக்கை எரியவிட்டு, அவன் சாக்கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்கு எதிரே குந்தி உட்கார்வேன். ஒரு வட்டம் போட இடம் கிடைத்தால் போதும், எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஸ்டாண்டை நகர்த்த நகர்த்த, விளக்கின் வெள்ளைக் கோடு கதவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரு இடத்திலும் வளையாமல் நகரும். முதல் இரண்டு வருஷமும் சாக்கட்டியைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

இந்த வருஷம், நம் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அந்த வாரம், ஊர்வலத்துக்கு வேண்டும் என்று டாக்டர் முன்கூட்டியே காரைக் கொண்டுவந்து விட்டார். நான் வழக்கம்போல உட்கார்ந்தேன். மேலே ஒன்றும் இல்லை. முதல்தடவையாக ஸ்டாண்டைச் சாய்த்து விளக்கைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். வெள்ளிக் கம்பிக்குக் கீழே கோடு வளைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நனைந்த நூல் மாதிரி நன்றாகவே வளைந்தது.

மாட்டினான் என்று நினைத்தேன். சாக்கட்டியால் பெரிய வட்டமாகப் போட்டு, "மொதலாளி, இஞ்ச கொஞ்சம் வாங்க, இதப் பாருங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் வருகிற காலடிச் சத்தம் கேட்டது. அப்போதுதான் இரண்டு விஷயம் உறைத்தது. இந்தக் கதவு பொன்னுலிங்கத்தின் வேலை என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அதோடு, நான் இப்போது வட்டம் போட்ட இடத்தில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான். நேரம் போதாமல் அவன் கை வைக்காமல் விட்ட நாலு விரல் அகலம் அது. கதவு முழுக்க அவனுடையது. அந்த இடம் மட்டும் என்னுடையது.

முதலாளி உள்ளே வந்து குனிந்து பார்த்தார். "என்ன ஓய், யாருக்க குத்தம் இது?"

"எனக்க குத்தம்தான் மொதலாளி" என்றேன்.

"ஒமக்க கதவுதானே, நீரே சரியாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் தண்ணீர் வாளியை இழுத்து வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன்.